எதிரில் உட்கார்ந்து செய்யும் மேஜிக்: காசு, ஸ்பாஞ்சு, சீட்டு, அப்புறம் எதிரே இருப்பவர்

சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. பந்தி முடிந்து ஆண்கள் திண்ணையில் சாய்ந்திருந்த நேரம். ஒரு வருடமாகக் கண்ணாடி முன் பழகிய காசு வித்தையை முதல்முறையாக நாலு பேர் முன்னால் செய்து காட்டினேன். காசு மறைந்தது, திரும்பி வந்தது, இன்னொரு கைக்குப் போனது. பெரியப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "தம்பிக்குக் கை நல்லா ஓடுதுப்பா" என்றார். அன்றைக்கு நான் அதைப் பாராட்டாக வாங்கிக்கொண்டு தூங்கினேன். அது பாராட்டு இல்லை என்று உறைக்க இரண்டு வருடம் ஆனது. காசு மறைந்ததாக அவர் ஒரு நொடியாவது நம்பியிருந்தால், என் கை ஓடியது அவர் கண்ணில் ஏன் படப் போகிறது?

மேடையில் மேஜிக் செய்பவருக்கு விளக்கு, பெட்டி, இசை, இருபதடி தூரம் எல்லாம் துணைக்கு இருக்கின்றன. டீக்கடை பெஞ்சில் அவை எதுவும் கிடையாது, எதிரே இருப்பவரின் முழங்கால் உங்கள் முழங்காலில் இடிக்கும். ஆனால் மேடைக்காரருக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது. அந்த ஆளின் முகம் உங்களுக்குத் தெரிகிறது, அவர் கை உங்களுக்கு எட்டுகிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டையும் எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றித்தான். தினம் இருபது நிமிடம் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் மூன்று வித்தைகள் கைக்கு வந்துவிடும். மூன்று போதும், நம்புங்கள்.

சாமான்

ஒரு 10 ரூபாய்க் காசு. இதன் விட்டம் 27 மில்லிமீட்டர். அமெரிக்கப் பாடங்கள் பெரும்பாலும் அரை டாலர் காசை மனதில் வைத்து எழுதப்பட்டவை, அது 30 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் புழக்கத்தில் அதற்குக் கிட்டத்தில் வருவது இந்தப் பத்து ரூபாயும் இருபது ரூபாயும்தான். ஒரு ரூபாய்க் காசு சின்னது, விரலில் நழுவும். பத்து ரூபாய்க் காசைச் சில கடைகளில் வாங்க மறுப்பார்கள். வித்தைக்கு மறுப்பில்லை.

மென்மையான ஸ்பாஞ்சில் கத்தரித்த இரண்டு உருண்டைகள், எலுமிச்சம்பழ அளவில். மெத்தை தைக்கிற கடையில் கேட்டால் துண்டு ஸ்பாஞ்சு சும்மாவே கொடுப்பார்கள். அப்புறம் ஒரு சாதாரண சீட்டுக்கட்டு. முழு பிளாஸ்டிக் கட்டு வேண்டாம், காகிதச் சீட்டு விரலுக்கு இணங்கும். சில வீடுகளில் சீட்டுக்கட்டைப் பார்த்தாலே பெரியவர்கள் முகம் சுருங்கும், சூதாட்ட ஞாபகம். அந்த வீட்டில் காசோடும் ஸ்பாஞ்சோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இணையத்தில் விற்கும் "ஐம்பது வித்தைகள் அடங்கிய பெட்டி"யை வாங்காதீர்கள். நான் வாங்கினேன். பரணில் இருக்கிறது.

முதல் படி: பொய்யாகக் கைமாற்றுவது

மூன்றில் இரண்டு வித்தைகளுக்கு இந்த ஒரே கைவேலைதான் அடிப்படை. அதனால் இங்கே அவசரப்பட வேண்டாம்.

1. வலது உள்ளங்கையை மேலே பார்த்தபடி வைத்து, காசை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் அடி ரேகைக்கும் நடு ரேகைக்கும் இடையில் வையுங்கள். அந்த இரண்டு விரல்களையும் லேசாக மடக்கினால் காசு பிடிபட்டுவிடும். கையைக் கவிழ்த்தாலும் விழாது. மற்ற விரல்கள் தளர்வாக இருக்கட்டும்.

2. இரண்டு நாள் வித்தை எதுவும் செய்யாதீர்கள். காசை அப்படியே வைத்துக்கொண்டு வீட்டில் நடமாடுங்கள். சுவிட்ச் போடுங்கள், தண்ணீர் பாட்டிலைத் திறங்கள், செல்போனில் பேசுங்கள். ஏதோ மறைக்கிற கை எப்போதும் விறைத்து நிற்கும். அந்த விறைப்பு போக வேண்டும்.

3. இப்போது காசை உண்மையாகவே இடது கைக்கு மாற்றுங்கள். வலது கையைத் திருப்பி, இடது உள்ளங்கையில் கொட்டுகிற மாதிரி. இருபது தடவை. அதை செல்போனில் படம் எடுங்கள். மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, இடது விரல்கள் எப்போது மூடுகின்றன, கண் எங்கே போகிறது என்று பாருங்கள். இதைத்தான் நீங்கள் நடிக்கப் போகிறீர்கள், அதனால் அசல் எப்படி என்று முதலில் தெரிய வேண்டும்.

4. அதே அசைவு, ஆனால் கொட்டும்போது வலது நடுவிரலும் மோதிரவிரலும் காசை விடுவதில்லை. இடது விரல்கள் காசு வந்து விழுந்த மாதிரியே மூடுகின்றன. முஷ்டிக்குள் ஒரு காசுக்கான இடம் இருக்க வேண்டும், நசுக்கிப் பிடித்தால் பொய் தெரியும். பிறகு இடது கை விலகிப் போகிறது, வலது கை இருந்த இடத்திலேயே தொங்குகிறது. காசு எந்தக் கையில் இருப்பதாகச் சொல்கிறீர்களோ அந்தக் கைதான் நகர வேண்டும்.

5. இதையும் படம் எடுத்து, இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். அநேகமாக உங்கள் பொய், உண்மையைவிட வேகமாக இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். மெதுவாக்குங்கள்.

கண்ணாடியை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். திருட்டு அசைவு நடக்கிற நொடியில் பழகாத ஆள் தன்னையறியாமல் கண் சிமிட்டிவிடுவார். கண்ணாடியில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் பார்க்க வேண்டிய கண்தான் மூடியிருக்கிறதே. கேமரா அதைக் காட்டிக் கொடுக்கும்.

இரண்டாம் படி: கண்

2006-இல் கஸ்டவ் குன், மைக்கேல் லாண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் சின்னப் பந்தை மேலே எறிந்து பிடிக்கிறார், இன்னொரு தடவை எறிந்து பிடிக்கிறார், மூன்றாவது தடவை எறிவது போலக் கையை மட்டும் அசைக்கிறார். பந்து கைக்குள்ளேயே இருக்கிறது. இல்லாத பந்தை அவர் கண் மேலே தொடர்ந்து போனபோது, பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பந்து மேலே போனதைப் பார்த்ததாகவே சொன்னார்கள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கையசைவு இரண்டிலும் ஒன்றுதான். மக்கள் பந்தை எங்கே தேடுவது என்று அவர் முகத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இதை வைத்து உங்கள் பார்வையை மூன்று கட்டமாகப் பழகுங்கள். முதலில் காசைப் பாருங்கள். அது "போகும்போது" இடது கையைப் பாருங்கள், அங்கே அரை நொடி நில்லுங்கள். பிறகு தலையை நிமிர்த்தி எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். அவர் கண்ணும் தானாக நிமிர்ந்து உங்கள் முகத்துக்கு வரும். அந்த நேரத்தில் உங்கள் வலது கை சட்டைப்பைக்குப் போய், காசை உள்ளே விட்டுவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு வரும். பேனா எதற்கு? முஷ்டியைத் தட்ட. கை பைக்குப் போனதற்கு ஒரு காரணம் இருந்தால் யாரும் அதை நினைவில் வைப்பதில்லை. காரணம் இல்லாமல் போனால் பக்கத்து வீட்டுப் பொடியன்கூட, "பாக்கெட்ல போட்டுட்டாரு" என்பான்.

இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற மேஜிக்காரர் டோனி ஸ்லைடினி இந்த நிமிர்தலைக் கண்ணோடு நிறுத்தாமல் உடம்பு முழுக்கக் கொண்டுபோனவர். முன்னால் சாய்ந்தால் எதிரே இருப்பவரும் கவனத்தை இறுக்குகிறார், பின்னால் தளர்ந்தால் அவரும் தளர்கிறார். திருட்டு வேலை எல்லாம் தளரும் நேரத்தில். இதை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வித்தை எதுவும் இல்லாமலே சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. முகத்தைப் பார்ப்பதை வெறும் தந்திரமாக வைத்துக்கொண்டால் அது உடனே தெரிந்துவிடும். பதிலைக் காதில் வாங்காமல் கேட்கப்படும் கேள்வி எவ்வளவு செத்துப்போய் இருக்கும் என்று வங்கிக் கவுண்டரில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அதனால் பதில் உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற கேள்வியாகக் கேளுங்கள். அதுதான் அடுத்த படி.

மூன்றாம் படி: பேச்சு

"இதோ ஒரு காசு. இதை இந்தக் கையில் வைக்கிறேன். மூடுகிறேன். இப்போது பாருங்கள்..." நான் இரண்டு வருடம் இப்படித்தான் பேசினேன். கண்ணுக்குத் தெரிவதையே வாயாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பவருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, அதனால் அவர் கையைக் காவல் காக்கிறார்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே லாவாண்ட் ஒன்பது வயதில் வலது கையை இழந்தவர். இடது கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சீட்டு வித்தைகள் செய்து 2015-இல் மறையும் வரை பெரிய பெயரோடு இருந்தார். அவருடைய நிகழ்ச்சியில் சீட்டு மெதுவாக நகரும், கூடவே ஒரு கதை நகரும். இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு இன்னும் மெதுவாகச் செய்வார். அதைப் பார்க்கிற யாரும் "கை நல்லா ஓடுது" என்று சொல்ல மாட்டார்கள்.

காசு வித்தைக்கு நான் இப்போது பேசுவது கிட்டத்தட்ட இப்படி:

"எங்க ஆச்சி காசை முந்தானையில முடிஞ்சு வச்சிருப்பாங்க." காசு இடது கைக்குப் "போகிறது". நிமிர்கிறேன். "உங்க வீட்ல யாரு இப்படி ஒளிச்சு வைப்பாங்க? எங்கே?"

யோசிக்காமல் பதில் வரும். "எங்க அம்மா, அரிசி டப்பால." வலது கை பேனாவோடு திரும்பி வந்தாயிற்று. "சரி, அப்போ இதுதான் அரிசி டப்பா." முஷ்டியை நீட்டுகிறேன். "தட்டிக் கேளுங்க. அம்மா என்ன சொல்வாங்க?" பேனாவை அவரிடமே கொடுக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டுகிறார். "காசா? ஏது காசு?" கை திறக்கிறது, காலி.

பாதி வசனம் அவருடையது. ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வருவதால் எனக்கும் சலிப்பதில்லை. பூஜை அறைச் சாமி படத்துக்குப் பின்னால், பழைய பாட்டுப் புத்தகத்துக்குள், தையல் மெஷின் இழுப்பறையில் என்று ஊரில் பணம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு ஓரளவு அத்துப்படி.

முடிப்பதற்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடைத்தால் அதிர்ஷ்டம். பேனாவைத் திரும்பப் பையில் செருகும்போது காசு மீண்டும் வலது விரல்களுக்குள் வந்துவிடும். காலி டம்ளரை அதே கையால், விரல்கள் உள்ளேயும் கட்டைவிரல் வெளியேயும் இருக்கும்படி பிடியுங்கள். "பள்ளிக்கூட டூருக்குன்னா மட்டும் எங்கிருந்தோ வரும் இல்லையா? காத்துல ஒண்ணு புடிச்சு இதுக்குள்ள போடுங்க." அவர் ஒன்றுமில்லாததைப் பிடித்து எறிகிற அந்த நொடியில் விரலைத் தளர்த்தினால் காசு சத்தத்தோடு விழும். கண்ணாடி கிளாஸ் வேண்டாம், உள்ளே இருப்பது தெரியும்.

உங்களுக்கு முந்தானை கதை வேண்டாமென்றால் வேறு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து எடுங்கள் என்பது மட்டும்தான் என் பிடிவாதம்.

நான்காம் படி: அவர் கைக்குள்

ஸ்பாஞ்சு உருண்டை கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் இருக்கிற வித்தைகளில் இதைவிட ஆளை உலுக்குவதை நான் பார்த்ததில்லை, காரணம் அது அவருடைய மூடிய கைக்குள்ளேயே நடக்கிறது.

1. இரண்டு உருண்டைகளும் மேஜைமேல். ஒன்றை வலது கையால் எடுத்து, காசில் பழகிய அதே பொய் மாற்றம். இடது கை மூடுகிறது, உருண்டை வலது விரல்களுக்குள் நசுங்கி இருக்கிறது.

2. அதே வலது கையால் மேஜைமேல் இருப்பதையும் எடுங்கள். இரண்டும் விரல்நுனியில் சேர்ந்து அழுந்தி ஒன்று போலத் தெரியும்.

3. "எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு." அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடச் சொல்லுங்கள். அவர் விரல்கள் முழுக்க மூடும் வரை உங்கள் பிடி தளரக் கூடாது. இந்த ஒரு இடத்தைத்தான் வீட்டில் ஆள் வைத்துப் பழக வேண்டும்.

4. இங்கே நிறுத்துங்கள். அவசரமே வேண்டாம். "இறுக்கமா புடிச்சிருக்கீங்களா?" என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். இடது கையை மெதுவாகத் திறந்து காலி என்று காட்டுங்கள். அவர் தன் கையைத் திறந்தால் இரண்டு உருண்டைகளும் துள்ளி விழும்.

திறந்தவுடன் நீங்கள் பேசாதீர்கள். கத்துவார், சிரிப்பார், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார். அந்த நேரம் அவருடையது. புதிதாகக் கற்றவர்கள் இந்த இடத்தில்தான் அடுத்த வித்தையைத் தொடங்கிக் கெடுப்பார்கள்.

கையைத் தொடும் முன் கேட்டுவிடுங்கள். "கையை நீட்டுறீங்களா?" என்று கேட்டு, அவர் நீட்டினால் மேலிருந்து வையுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். பெண்களிடம் இன்னும் கவனம், பெரும்பாலும் தொடாமலே செய்துவிட முடியும்.

ஐந்தாம் படி: சீட்டு, ஆனால் முகத்தைப் படிப்பது

இதற்குக் கைவேலையே கிடையாது. கட்டை அடுக்கிச் சீராக்கும் சாக்கில் அடிச் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டின் ஏழு என்று வைப்போம். அவர் ஒரு சீட்டை உருவிப் பார்த்து, மனதில் வைத்துக்கொண்டு, கட்டின் மேலே கவிழ்த்து வைக்கட்டும். இப்போது அவரையே கட்டை வெட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள். அடியில் இருந்த ஆர்ட்டின் ஏழு நேராக அவர் சீட்டின் தலைமேல் போய் உட்கார்ந்துவிட்டது. இன்னொரு தடவை வெட்டினாலும் அநேகமாகப் பிரியாது, அபூர்வமாக வெட்டு சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் மட்டும் ஏழு அடியிலும் அவர் சீட்டு உச்சியிலும் இருக்கும். ஆனால் கலைக்கச் சொல்லிவிடாதீர்கள்.

சாதாரணமாக இதைச் செய்பவர் கட்டை வாங்கித் தேடி, "இதுதானே உங்க சீட்டு?" என்று கேட்பார். புதிர் தீர்ந்தது, அவ்வளவுதான். அதற்குப் பதில் கட்டை அவரிடமே விடுங்கள். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி, வரிசையாகப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். "உங்க சீட்டு வந்தா காட்டிக்காதீங்க. நான் சீட்டைப் பார்க்கப் போறதில்ல, உங்களைத்தான் பார்க்கப் போறேன்." ஓரக்கண்ணில் ஆர்ட்டின் ஏழு தெரிந்ததும் அடுத்தது அவருடையது என்று உங்களுக்குத் தெரியும். நிறுத்தாதீர்கள். இன்னும் நாலைந்து சீட்டு போகட்டும். அப்புறம், "கொஞ்சம் முன்னாடி ஒரு இடத்துல உங்க கை தயங்குச்சு" என்று சொல்லி, பரப்பிய வரிசைக்கு வந்து அந்தச் சீட்டில் விரல் வையுங்கள்.

பத்து இருபது பேரிடம் செய்த பிறகு ஒரு விசித்திரம் நடக்கும். பலருக்கு நிஜமாகவே கை தயங்கும். உதடு அசையும், மூச்சு நிற்கும், சிலர் அளவுக்கு மீறி அலட்சியமாக வைப்பார்கள். ஏற்கெனவே பதில் தெரிந்துகொண்டு கவனிப்பதால் இதையெல்லாம் நிதானமாகக் கற்றுக்கொள்ள முடிகிறது.

மனதைப் படிக்கிற சக்தி இருப்பதாக மட்டும் எவரிடமும் நடிக்காதீர்கள். ஒரு கல்யாண வீட்டில் இதைச் செய்த பிறகு ஒரு அம்மா என்னைத் தனியாக அழைத்து, காணாமல் போன வளையலை யார் எடுத்தார்கள் என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்து அடிச் சீட்டுச் சமாசாரத்தை அவருக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆட்களும் சங்கடங்களும்

முதல் பத்துத் தடவை ஒருவர் அல்லது இருவர் முன்னால் மட்டும் செய்யுங்கள். முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாதபடி சுவரோரம் உட்காருங்கள். சாப்பிடுகிறவரிடம், போன் பேசுகிறவரிடம் போகாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளிடம் காசு மறைவதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. அவர்கள் உலகத்தில் எல்லாமே சும்மா மறைந்து சும்மா வரும்.

"அந்தக் கையைத் திறங்க!" என்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவரோடு சண்டைக்குப் போனால் தோற்பது நீங்கள். என் அனுபவத்தில் அவர் அப்படிக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் நான்தான். ஏதோ ஒரு இடத்தில் "உன்னை ஏமாற்றுகிறேன் பார்" என்ற தொனி வந்திருக்கும். பேனாவை அவர் கையில் கொடுத்து, தட்டுகிற வேலையை அவருக்கே விட்டுவிடுங்கள். வேலை கிடைத்தால் அநேகமாக அடங்கிவிடுவார்.

காசு கீழே விழுந்தால்? எனக்கு ஒரு தடவை பெஞ்சுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. முகம் சிவக்க வித்தையைத் தொடர்ந்தேன், இல்லாத காசை வைத்துக்கொண்டு. யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. இப்போதெல்லாம் விழுந்தால், "ஆச்சி பார்த்தா திட்டுவாங்க" என்று சொல்லிக் குனிந்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன்.

"இன்னொரு தடவை செய்யுங்க" என்றால் செய்யாதீர்கள். எதையும் மூன்று தடவை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சவால் விட்ட பிரபல மேஜிக்காரர் ஹூடினியை 1922-இல் சிகாகோவில் டாய் வெர்னன் என்ற சீட்டு வித்தைக்காரர் ஒரே சீட்டு வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்து திணறடித்தார். அது வெர்னன். நாம் வேறு வித்தைக்குப் போவோம்.

"எப்படிச் செஞ்சீங்க?" என்பதற்கும் பதில் வேண்டாம். ஏறக்குறைய 2,000 வருடங்களுக்கு முன் ரோமில் செனெகா என்ற தத்துவவாதி தன் கடிதம் ஒன்றில் கிண்ணமும் கூழாங்கல்லும் வைத்துச் செய்யும் வித்தையைக் குறிப்பிட்டு, ஏமாறுவதில்தான் தனக்குச் சுகம், எப்படி என்று தெரிந்துவிட்டால் ஆர்வம் போய்விடும் என்கிறார். நான் வழக்கமாக, "அரிசி டப்பாவைத் தேடிப் பாருங்க" என்று சொல்லிவிடுவேன்.

மூன்று மாதத்துக்கு அப்புறம்

அந்தக் கிண்ண வித்தையைத்தான் அடுத்து எடுக்கச் சொல்வேன். நம் மொழியில் கைவித்தைக்கே பெயர் கொடுத்தது அதுதான். செப்பை, அதாவது சின்னக் கிண்ணத்தை, வைத்துச் செய்ததால் செப்பிடு வித்தை, அதுவே பேச்சில் செப்படி வித்தை. நம் தெருவித்தைக்காரர்கள் தரையில் சம்மணமிட்டு, உச்சியில் குமிழ் வைத்த சின்னக் கிண்ணங்களை விரலிடுக்கில் பிடித்துத் தூக்குவார்கள். குமிழ் வைத்த கிண்ணம் கிடைக்காவிட்டால் ஒரே அளவில் மூன்று சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது இடையில் உருண்டைக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். பழைய வேட்டித் துணியைச் சுருட்டி நூலால் கட்டினால் நாலு உருண்டைகள். வெளியே சொல்வது மூன்று.